கழற்றிய இரண்டு கண்ணிகள்

எனக்குப் பொறாமை அதிகம் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அடுத்த வீட்டு அடுப்பில் நல்ல மீன் கொதிக்கும் வாசனை வந்தால்கூட எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் ஒரு வாட்ச்சைப் பார்த்து மாதக்கணக்கில் வயிறெரிந்து கிடந்தவள் ராயபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெண்கள் கட்டுகிற தங்க வாட்ச் அது. முகம் புளியங்கொட்டை அளவு. பட்டை முழுக்கத் தங்கக் கண்ணிகளாகக் கோத்திருக்கும். அதில் மணி பார்க்க வேண்டுமென்றால் வெயிலில் போய் நின்று கண்ணைச் சுருக்க வேண்டும். நொடி முள் கிடையாது. நகை என்று வாங்கலாமென்றால், எங்கள் தெருத் தட்டான் உரசிப் பார்த்துவிட்டு, மாற்று குறைவு என்று உதட்டைப் பிதுக்கினான். வாட்ச் என்று வாங்கலாமென்றால், மணி தெரியாத வாட்ச் எவனுக்கு வேண்டும்? விலையைக் கேட்டவர்கள் எல்லாம் அதைச் சுடுகிற பாத்திரம் மாதிரி பலகையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்ட சரக்குதான் என் கணவருக்குப் பிடிக்கும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் மளிகை, மிளகாய் மண்டி, கருப்பட்டி என்று கண்ணுக்குத் தெரிகிற வியாபாரம் செய்தார்கள். இவர் மட்டும் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒற்றைக் கதவுக் கடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம் அது. துரைமார் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வரும். ஏலத்துக்கு வராதவை பட்லர் கை வழியாக வரும். மற்றவர்கள் பீரோவுக்கும் கிராமபோனுக்கும் அடித்துக்கொள்ள, இவர் மூலையில் நின்று வாட்ச் எடுப்பார். சீக்கிரம் விலை போகிறவற்றை மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். இவருக்குக் கிடைப்பது எல்லாம் பெரிய இடத்து விநோதங்கள். ஒன்றில் பன்னிரண்டு மணிக்குப் பதில் இருபத்து நாலு மணி எழுதியிருக்கும். கட்டிப் பார்த்தவர்கள் தலை கிறுகிறுத்துக் கழற்றிக் கொடுப்பார்கள். இன்னொன்றில் வளர்பிறை தேய்பிறை காட்டும் குட்டி நிலா இருந்தது. காசிமேட்டுப் படகுக்காரர் ஒருவரிடம் அதை எப்படியாவது தள்ளிவிடலாம் என்று இவர் நினைத்தார். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெலா மேல சொம்மா கீது நைனா. அத்தப் பாக்க நான் இன்னாத்துக்குத் துட்டு குடுக்கணும்?" என்று கேட்டார். கடையே சிரித்தது. இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் அரிசி வாங்குகிறவள் நான்.

இந்த மாதிரிச் சரக்கை விற்க இவர் ஒரு வழி வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற வாட்ச்சை யாரும் விரும்ப மாட்டார்கள், ஒருவன் கையில் இருக்கிற வாட்ச்சைத்தான் விரும்புவார்கள் என்பார். ஆகவே, நாலு பேர் பார்க்கும்படியான ஒரு ஆளைப் பிடித்து, வாட்ச்சைக் கொஞ்ச நாளைக்குச் சும்மா கட்டிக்கொள்ளக் கொடுப்பார். அதற்குப் பெயர் கைக்கு விடுவது. விலையே போகாத ஒரு பெரிய வாட்ச் இருந்தது, பக்கத்தில் பொத்தானை அமுக்கினால் தனியாக ஒரு முள் ஓடும். அதை வியாசர்பாடியில் கால்பந்தாட்டத்துக்கு விசில் ஊதுகிற ஒருவர் கைக்கு விட்டார். ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் முழுவதும் அவர் கையையே பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரமே பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப் மேஸ்திரி ஒருவர் கடை தேடி வந்து, அந்த வாட்ச்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவன் கையைப் பார்த்து வயிறெரிகிறவனை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. அப்புறம் நான் மட்டும் எரியக் கூடாது என்றால் எப்படி?

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். வாட்ச் விற்றுக் கை மாறும் வரை பட்டையிலிருந்து ஒரு கண்ணியைக்கூடக் கழற்ற மாட்டார். ஒருவன் மணிக்கட்டுக்கு அளவாகக் கண்ணி கழற்றிவிட்டால், அடுத்து வருகிறவன் அதைப் புதுசாகப் பார்க்க மாட்டான், யாரோ கட்டி எறிந்தது என்பான். கைக்கு விடும்போது தொளதொளவென்று இருந்தால் பட்டையின் உட்புறம் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பார். துறைமுகக் குமாஸ்தா ஒருவர், வாங்குவதற்கு முன்பே கண்ணியைக் கழற்றி அளவு பார்க்கச் சொல்லி அடம்பிடித்தபோது இவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "கண்ணி கழட்டுறது தாலி கட்டுற மாதிரி சார். கழட்டிட்டா அது உங்களுக்குன்னு ஆயிரும். நல்லா யோசிச்சுட்டு வாங்க." குமாஸ்தா யோசிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. அப்படியும் இவர் கண்ணியைத் தொடவில்லை.

இனி நர்சம்மாவுக்கு வருகிறேன்.

அவள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்தான், எங்கள் வேதக்கோயிலுக்கே ஆராதனைக்கு வருவாள். முப்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. வெள்ளைச் சேலை, தணிந்த பேச்சு, முருங்கைக்காய் மாதிரி ஒல்லிக் கை. அந்தக் கையைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை.

சங்கதியை எனக்குச் சொன்னது மீன் கூடைக்காரி. கூடையை இறக்கி வைத்து, சங்கராவின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, "யக்கோவ், உன் வூட்டுக்காரரு கடைல கண்ணாடிப் பொட்டில இருந்துச்சே குட்டி வாட்சு, அத்த நர்சம்மா கையில கட்டிக்கினு போவுது. வித்துட்டீங்களா இன்னா?" என்றாள்.

எனக்கு மீன் மேலிருந்த கவனம் போய்விட்டது. "ஆமா, வித்தாச்சு" என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொன்னால் கூடையோடு சேர்த்து அந்தச் சேதியையும் தெருத்தெருவாகக் கொண்டுபோவாள்.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கைக்கு விட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் பெரிய பெரிய வீட்டுக்காரங்கல்லாம் பிரசவத்துக்கு வாராவ. தாய்க்காரி, மாமியாக்காரி எல்லாம் நாள் முழுக்க நர்ஸ் கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பாவ. பேரன் பொறந்த சந்தோஷத்துல எவளாவது கேப்பா. பொம்பள வாட்ச்ச வேற யாரு கைக்கு விட?"

நியாயம்தான். அவர் வியாபாரத்தில் சொல்வது எப்போதும் நியாயமாகவே இருக்கும். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன், என் கைக்கு விடுததுக்கென்ன?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓன் கைய யாரு பாக்கா?" என்றார். பிறகு மோர் கேட்டார்.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு கேட்டு அன்றோடு முடித்திருப்பேன். வாட்ச்சுக்கு எண்ணெய் இல்லை என்று சொல்வதைப் போல, உள்ளதை உள்ளபடி சொன்னார். மோரை ஊற்றிவிட்டு, என் கையைப் பார்த்தேன். மஞ்சள் கறை, அரிவாள்மணைத் தழும்பு, முழங்கை வரை மீன் வாடை. கலியாணத்தின்போது ஏறிய வளையல் இப்போது சோப்பு போட்டாலும் கழலாது. யார் பார்ப்பார்கள்? ஆனாலும் அந்தக் கையைப் பார்க்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர் எதிரேதான் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்காத நாள் குறைவு. பார்க்கவென்றே குழாயடிக்குப் போனேன். தண்ணீர் பிடிக்கும்போது அவள் அந்தக் கையை ஈரம் படாமல் தூக்கி வைத்துக்கொள்வாள். ரிக்ஷாக்காரனைக் கைதட்டிக் கூப்பிடும்போது அது வெயிலில் மின்னும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் கையில் அது உட்கார்ந்திருக்கும். கர்த்தரைத் துதிக்க வந்த இடத்தில் நான் அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் அவள் வேலை முடிந்து எங்கள் கடை வழியாகப் போவாள். இவர் எழுந்து வந்து, யாராவது விசாரித்தார்களா என்று கேட்பார். அவள் ஏதோ சொல்வாள். கேட்கிற கேள்வி சின்னது, வருகிற பதில் ஏன் அவ்வளவு நீளம் என்று எனக்குப் புரியவில்லை. ஊர்ப்பேச்சு பேசினோம் என்பார். நானும் அதே ஊர்ப்பேச்சைத்தான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு அவர் 'ம்' போடுவதோடு சரி.

மழைக்காலம் வந்தது, போனது. தண்டையார்பேட்டைப் பக்கமெல்லாம் வெள்ளம் வடிந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரன்கள் பிறந்தார்கள். வாட்ச் மட்டும் விற்கவில்லை. விற்காத சரக்கைக் கொஞ்ச நாளில் ஒரு கையிலிருந்து எடுத்து வேறு கைக்கு மாற்றுவதுதான் இவர் வழக்கம். இதை மாற்றவில்லை. கேட்டால், "வரும், வரும்" என்றார்.

ஒருநாள் இவர் ஏலத்துக்குப் போயிருந்தார். கடையைக் கூட்டித் துடைக்க நான் போனேன். என் விரலில் மரச் சிம்பு ஏறிவிட்டது. எடுக்க ஊசி வேண்டுமென்று அவருடைய மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஊசிகளுக்குப் பக்கத்தில் மூக்குப்பொடி டப்பி ஒன்று. அவருக்குப் பொடி போடும் பழக்கம் இல்லை. திறந்து பார்த்தேன். பஞ்சு, பஞ்சுக்கு நடுவில் இரண்டு தங்கக் கண்ணிகள்.

எந்த வாட்ச் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பட்டையை அவ்வளவு நாள் கண்ணால் தின்றவள் நான்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே நிலக்கரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சிம்பு விரலிலேயே இருந்தது, வலிக்கவில்லை. வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், பேசிப் பேசியே ஆற்றியிருப்பேன். இது அவருடைய சொந்தக் கட்டுப்பாடு. காசு கொடுக்கத் தயாராக நின்ற குமாஸ்தாவுக்காக மீறாததை, ஒரு காசு கொடுக்காதவளுக்காக மீறியிருக்கிறார். நூல் சுற்றிக் கொடுத்திருக்கலாம். எல்லோருக்கும் அதைத்தானே செய்தார்? நூல் உறுத்தும் என்று நினைத்திருப்பார். அவள் கைக்கு உறுத்துமே என்று.

கடையைப் பூட்டிக்கொண்டு நேரே அவள் அறைக்குப் போனேன். இரவு டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா" என்றாள்.

"வாட்ச்சக் கழட்டிக் குடு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கொக்கியை நகத்தால் நெம்பிக் கழற்றி, முந்தானையால் ஒருமுறை துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தண்ணி படாமத்தான் வச்சிருந்தேங்க்கா."

"கண்ணிய யாரு கழட்டுனா?"

"தொளதொளன்னு நழுவிக்கிட்டே இருந்துச்சு. கொழந்தையக் குளிப்பாட்டும்போது விழுந்துரும்னு சொன்னேன். அண்ணாச்சிதான்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அவள் கையில் வாட்ச் இருந்த இடத்தில் வெளுத்த தடம் ஒன்று இருந்தது. வாட்ச்சைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம், அந்தத் தடத்தை என்ன செய்வது? வாட்ச்சைவிட அந்தத் தடத்தின் மேல்தான் எனக்கு அப்போது அதிக ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்தேன். கொக்கி எட்டவில்லை. இழுத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். இரண்டு கண்ணி இடைவெளி.

சாயங்காலம் அவர் வந்ததும், வாட்ச்சையும் பொடி டப்பியையும் விளக்கடியில் வைத்தேன். கத்தவில்லை. என் மகள் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இந்த ரெண்டு கண்ணியையும் போட்டுக் குடுங்க" என்றேன்.

அவர் இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குறடை எடுத்தார். அவருடைய விரல்கள் பருமன், ஆனால் சின்ன வேலையில் தடுமாறாதவை. அன்றைக்கு ஒரு ஆணி கீழே விழுந்து, என் மகள்தான் தேடி எடுத்துக் கொடுத்தாள். கோத்து முடித்தபின், "கையக் குடு" என்றார்.

நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்து, விளக்குப் பக்கம் திருப்பி, பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டி, ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். கலியாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் என் கையை அப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவள் கையையும் இப்படித்தானே பிடித்திருப்பார் என்பதும் கூடவே வந்தது. போதும் என்று கையை உருவிக்கொண்டேன்.

"கைக்கு விட்டதாவே இருக்கட்டும். நானும் கட்டுதேன், யாரு பாக்கான்னு பாப்போம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

அந்த ஞாயிறு கோயிலுக்கு நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். வேண்டுமென்றே நடுவழியை ஒட்டி, அவருக்கு நேராகத் தெரியும்படி உட்கார்ந்தேன். பாட்டுப் புத்தகத்தை மற்ற நாளைவிட உயர்த்திப் பிடித்தேன். பலன் உடனே கிடைத்தது. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த, எங்கள் சபையில் உள்ள ஒரு மிளகாய் மண்டிக்காரர் மனைவிக்குப் பாட்டில் வரி தப்பிவிட்டது. உட்கார்ந்ததும் என் காதில், "ஏளா, என்ன அழகா இருக்கு! என்ன வெலன்னு சொல்லு, நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

"இது விக்கதுக்கு இல்லக்கா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த மிதப்பு, ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

பிரசங்கம் தொடங்கிய பிறகு நர்சம்மா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருப்பாள்போல. எனக்கு முன்வரிசையில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எனக்கு இன்னும் நல்லதாகப் போயிற்று. பாதிரி ஐயர் அன்றைக்கு நீளமாகப் பேசினார். பாதியில் அவள் பழக்கதோஷத்தில் மணி பார்க்கக் கையைத் திருப்பினாள். அங்கே வாட்ச் இல்லை, அந்த வெளுத்த தடம்தான் இருந்தது. சட்டென்று முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

இதை அவர் பார்க்க வேண்டும், என் கையையும் பார்க்க வேண்டும் என்று வலப்பக்கம் திரும்பினேன்.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் கையை அல்ல. முந்தானைக்குள் போன அந்தக் கையை. வாட்ச் என்னிடம் இருந்தது, பட்டுச் சேலை என்னிடம் இருந்தது, நடுவழியை ஒட்டி அவருக்கு நாலு முழ தூரத்தில் நான்தான் இருந்தேன். அவர் முகத்தில் தப்பான எதுவும் இல்லை. காய்ச்சலில் படுத்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். தப்பாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பிறகு ஐயர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும், மண்டிக்காரர் மனைவியைத் தேடிப் போனேன். "கையக் குடுங்கக்கா" என்று வாங்கி, வாட்ச்சைக் கழற்றி அவள் கையில் மாட்டினேன். அளவு கச்சிதமாக இருந்தது. விலையைச் சொன்னேன். அவள் அதிகம் பேரம் பேசவில்லை.

வீடு திரும்பும் வழியில் சொன்னபோது அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "வித்துட்டியா! ஏட்டி, நான் இத்தன மாசமா மன்றாடுதேன், நீ ஒரே ஆராதனையில வித்துட்டியே! என்ன சொல்லி வித்த?"

ரயில்வே கேட் மூடியிருந்தது. நாங்கள் கேட்டுக்கு முன்னால் போய் நின்றோம். என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"நான் சொல்லுதது இருக்கட்டும். நீங்க கோயில்ல யாரு கையப் பாத்துக்கிட்டு இருந்திய?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. துறைமுகத்திலிருந்து சரக்கு வண்டி வந்தது. நீளமான வண்டி, மெதுவாகப் போயிற்று. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி சத்தத்தில் பேச முடியவில்லை என்று வைத்துக்கொண்டேன். வண்டி போய்விட்டது, கேட்டைத் திறந்தார்கள், சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார்.

ஓன் கையத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் என்று தெரிந்தாலும் நம்பியிருப்பேன்.